டி.பி. மாத்திரையில் கழியும் மாதங்கள்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் ஒருவர் மூன்று வாரமாக இருமினால் அக்கம்பக்கத்தில் சொல்வது, "டி.பி.யா இருக்கும், போய்ச் சளி குடுத்துட்டு வாங்க." சொல்வதில் தப்பில்லை, நம் நாட்டில் டி.பி. அதிகம். சிக்கல் அதற்குப் பிறகுதான். சளியில் கிருமி தென்படாமலே, எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கிவிடுவது உண்டு. இரண்டு மாதம் ஆகியும் இருமல் நிற்காமல் உடம்பு இளைத்துக்கொண்டே போகும்போதுதான் சி.டி. ஸ்கேன் பேச்சு வருகிறது. அந்த நிழல் புற்றுநோயாக இருந்தால் போன மாதங்கள் போனவைதான்.

இந்தத் தாமதம் கணக்கிலும் தெரிகிறது. பெங்களூருவின் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கித்வாய் மருத்துவமனை 1982 முதல் பராமரிக்கிறது. இதுபோன்ற பதிவேடுகளைத் தொகுத்து வந்த 2020ஆம் ஆண்டு தேசிய அறிக்கைப்படி, நுரையீரல் புற்றுநோய் வந்த ஆண்களில் 44 விழுக்காட்டினரும் பெண்களில் 47.6 விழுக்காட்டினரும், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய பிறகே கண்டறியப்பட்டவர்கள்.

2010–14இல் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் ஜப்பானில் சுமார் 33 விழுக்காடு, இந்தியாவில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஜப்பானியரின் நுரையீரல் ஒன்றும் இரும்பால் ஆனதல்ல. எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்பதே பெரிய வேறுபாடு. அமெரிக்கக் கணக்கில், நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது பிடிபட்டால் ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் 60 விழுக்காட்டுக்கும் மேல். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் சுமார் பத்தில் ஒருவர். இவை சராசரிகள், ஒருவரின் ஆயுளைக் கணிக்கும் ஜாதகம் அல்ல.

பீடி, சிகரெட்தான் முதல் குற்றவாளி. ஆனால் புகையே தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. அடுப்புப் புகை, வீட்டில் அடுத்தவர் ஊதும் புகை, வண்டிப் புகை எல்லாம் காரணமாகலாம். கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். எனும் மரபணுவில் மாற்றம் இருந்தால், பரவிய கட்டத்திலும் அதற்கென்றே உள்ள மாத்திரை ஆயுளை நீட்டிக்கிறது. பயாப்ஸி எடுக்காமல் அதைத் தெரிந்துகொள்வது கடினம்.

எனவே, சளியில் ரத்தம் வந்தாலோ, குரல் கம்மியே கிடந்தாலோ, டி.பி. மருந்துக்கு இருமல் கேட்காவிட்டாலோ, ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பயாப்ஸிக்கு எழுதிக் கொடுத்தால், 'ஊசி குத்தினா பரவிடும்' என்று பயமுறுத்துபவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.