தோள்பட்டைக் கிழிசல்: சோனோகிராபியா, எம்.ஆர்.ஐ.யா?

புனேயில் தோள்வலிக்குச் சோனோகிராபி எடுக்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் அறிவிப்புப் பலகை: கருவின் பாலினம் இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம். அறுபது வயதுக்காரரின் தோளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இயந்திரம் ஒன்றுதான், மாறுவது ஆய்வுமுனை மட்டும்.

நாட்டிலேயே முதலில், 1988-இல், கருவின் பாலினம் பார்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் மகாராஷ்டிரம். மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. அதனால் எலும்பு மருத்துவர் தன் அறையிலேயே ஒரு கருவியை வைத்துக்கொள்ள நினைத்தாலும் பதிவு செய்தாக வேண்டும். படிவப் பிழைகளுக்கெல்லாம் தண்டனையா என்று 2016-இல் புனே ரேடியாலஜிஸ்டுகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் ஆறு வயதுவரை 1000 ஆண் குழந்தைகளுக்கு 894 பெண் குழந்தைகள்தான். கெடுபிடி தேவைதான் என்பேன்.

இனி தோளுக்கு வருவோம். தோள்மூட்டின் பந்தைக் கிண்ணத்தோடு பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைநாண்கள். மேலே ஓடும் சுப்ராஸ்பினேட்டஸ்தான் அடிக்கடி கிழிகிறது. கை தூக்கினால் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நாண் தெரியாது.

2013-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். முழுக் கிழிசல் உள்ள 100 தோள்களில் எம்.ஆர்.ஐ. 94-ஐயும் அல்ட்ராசவுண்ட் என்கிற சோனோகிராபி 92-ஐயும் கண்டுபிடித்தன. செலவில் இருக்கும் இடைவெளி இதைவிடப் பல மடங்கு பெரிது! பாதிக் கிழிசலில்தான் 74-க்கு 52 என்று அல்ட்ராசவுண்ட் பின்தங்கியது. சிறிய ஆய்வுகள் என்பதால் இந்த வித்தியாசத்தையும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அல்ட்ராசவுண்டில் கையை அசைக்கச் சொல்லியே பார்க்கலாம். பேஸ்மேக்கர் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் எல்லாம் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. நாண் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது, தசையில் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்று அறுவைக்கு முன் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. வேண்டும். மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆர்த்ரோகிராம், சின்னக் கிழிசலையும் காட்டும்; எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

ஆக, தேர்ந்த கை கிடைத்தால் முதலில் சோனோகிராபியே போதும்.

இன்னொன்று. 1999-இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 411 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 23 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது; எண்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு. படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவைக்குச் சம்மதித்துவிடாதீர்கள். உங்கள் வலி அதனால்தானா என்று, கையைத் தூக்கவைத்துப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.