ஈரல் நோயும் ஆறு மாத வாய்தாவும்

நோய்கள் இருவகைப்படும். கூக்குரலிட்டுக்கொண்டு வருவன சில. அரவமின்றிக் குடிபுகுந்து, வீடு முழுவதையும் கைப்பற்றிய பின்னரே தலைகாட்டுவன சில. ஈரலில் உண்டாகும் புற்றுநோய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, உடல் மெலிந்து நோயாளி வைத்தியரை நாடும்போது, நோயை வேரறுக்கும் காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது.

ஆயினும் இந்நோய் எல்லோரையும் ஒருங்கே தாக்குவதன்று. அது யாரைத் தேடிச் செல்லும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோஸிஸ் என்னும் வியாதி கண்டவர்கள் முதல் வரிசையினர். மதுபானம், ஹெபடைடிஸ் பி, ஸி என்னும் கிருமிகள், சர்க்கரை வியாதியோடும் பருத்த சரீரத்தோடும் கூடிவரும் ஈரல் கொழுப்பு ஆகியவை அதன் பிரதான காரணங்கள். பி கிருமியை நெடுநாள் சுமப்பவர்களோவெனில், ஈரல் சுருங்காத நிலையிலும் அபாயத்துக்குட்பட்டவர்களே. விசேஷமாக, ஆசியாக் கண்டத்தாருள் 40 வயது கடந்த ஆண்களும், 50 வயது கடந்த பெண்களும், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் இந்தியாவில் பி கிருமியைச் சுமந்தவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பேர். ஸி கிருமியைச் சுமந்தவர்கள் 55 லட்சம் பேர்.

அபாயத்திலிருப்போர்க்கு வைத்திய சாஸ்திரம் விதிப்பது எளிய காரியமே. 6 மாதத்துக்கொருமுறை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஈரலைப் பார்க்க வேண்டும். கூடவே, இரத்தத்தில் ஆல்பா பீட்டோ புரோட்டீன் என்னும் பொருளின் அளவைச் சோதிக்கலாம். கட்டி சிறிதாயிருக்கையில் அகப்பட்டால் அறுத்து நீக்கலாம். ஊசி வழியே வெப்பம் செலுத்திப் பொசுக்கலாம். தக்கவர்களுக்கு மாற்று ஈரல் பொருத்தலாம்.

இதனால் உயிர் பிழைக்குமா என்று கேட்பது நியாயமே. இவ்வழக்கில் சீன தேசத்திலிருந்து இரண்டு சாட்சிகள் உண்டு. ஷாங்காய் நகரில் 1993-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், பி கிருமி தொற்றியவர்களும் நெடுநாள் ஈரல் அழற்சி கண்டவர்களுமான 18,816 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். 6 மாதத்துக்கொருமுறை மேற்சொன்ன இரு சோதனைகளுக்கும் அழைக்கப்பட்ட பிரிவில், ஈரல் புற்றுநோயால் நேர்ந்த மரணம் மற்றப் பிரிவைவிட 37 சதவிகிதம் குறைந்தது. விதித்த சோதனைகளில் 100-க்கு 60 கூட நிறைவேறாத நிலையிலேயே இப்பலன்!

யாங்ட்ஸீ நதியின் முகத்துவாரத்தில் வடபுறமுள்ள சீடோங் பிரதேசத்தின் சாட்சியம் வேறு. அங்கே 1989 முதல் பி கிருமியைச் சுமந்த 5,581 ஆண்களிடையே நடந்த ஆராய்ச்சியில் இரத்தச் சோதனை மட்டுமே செய்யப்பட்டது. நோய் முன்னதாகவே பிடிபட்டது, மரணமோ குறையவில்லை. பிடிபட்டவர்களுக்குப் பலனுள்ள சிகிச்சை கிட்டாமையே காரணமென்று ஆராய்ந்தவர்கள் கூறினர். ஆகவே, கண்டுபிடிப்பது பாதிக் கடமை. கண்டபின் கைவிடாதிருப்பது மறுபாதி.

இச்சோதனை குற்றமற்றதென்று நாம் வாதிக்கவில்லை. பருத்த உடலில் சிறு கட்டிகள் கருவிக்குத் தப்புவதுண்டு. வீண் பீதியும் உண்டாவதுண்டு. ஆகையால்தான் இது ஊரார் அனைவருக்குமன்றி, அபாயத்திலிருப்போர்க்கு மாத்திரம் விதிக்கப்படுகிறது.

இந்தியாவில் 2018-ல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசமாகச் சோதனையும் மருந்தும் வழங்க ஏற்பட்டது. 12 வாரம் மாத்திரை உண்டால் ஸி கிருமி பெரும்பாலோரிடம் அடியோடு அழிகிறது. மெத்தச் சரி. ஆனால் கிருமி அழிந்த பின்னும், சுருங்கிவிட்ட ஈரலில் புற்றுநோய் அபாயம் முற்றும் நீங்குவதில்லை. "குணமாயிற்று" என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர், மறுபடி ஆஸ்பத்திரி வாயிலை மிதிக்காதிருப்பதே பேராபத்து.

நீதிஸ்தலத்தில் வாய்தாவுக்கு வராதவன் பெயரை மூன்று முறை கூவுகிறார்கள். ஆஸ்பத்திரியில் தவணை தவறியவனைக் கூவி அழைப்பவர் யார்? ஜில்லாதோறும் அபாயத்திலிருப்போரின் பெயர்ப் பதிவேடு வேண்டும். தவறியவர்களைத் தேடிச் செல்ல ஆள் வேண்டும். கட்டி அகப்பட்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்பது முன்னரே தீர்மானமாயிருக்க வேண்டும். இவை மூன்றும் சர்க்காரின் கடமை.

பொது ஊழியர்களுக்கும் ஒரு கடமையுண்டு. பி கிருமி உடன் உண்பதாலோ, தொட்டுப் பேசுவதாலோ பரவுவதன்று. இதை அறியாதார் தூற்றுதலுக்கு அஞ்சி, உத்தியோகத்துக்கும் விவாகத்துக்கும் பங்கம் வருமென்று வியாதியை மறைப்போர் பலர். அந்த அச்சத்தை வீடு வீடாகச் சென்று போக்குங்கள். மறைந்திருக்கும் வரையில்தான் இந்நோய்க்குப் பலம். வெளிச்சத்தில் அது பாதி தோற்றதாகும்.