பொட்டு ஒட்டுமுன்

நம் கூட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், கடைசியில் 'ஏகமனதாக' ஒரு தீர்மானம். மௌனத்தைச் சம்மதமாக வாசிக்கும் இந்தப் பழக்கத்தை மௌனத்தைக் கொண்டே உடைக்கப் பார்த்தவர்கள் டெல்பெக், வான் டி வென் என்ற அமெரிக்கர் இருவர். 1971இல் அவர்கள் முன்வைத்த முறையைப் 'பெயரளவுக் குழு' எனலாம். எல்லோரும் கூடி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதலில் யாரும் வாய் திறக்கக்கூடாது, அவரவர் யோசனையைத் தாளில் எழுத வேண்டும். பிறகு வரிசையாக ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லப் பலகையில் ஏறும். விளக்கம் கேட்கலாம், வாதாடக்கூடாது. கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே சிலவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி மதிப்பெண் இடுவார்கள். கூட்டிப் பார்த்தால் முடிவு. பேச்சாளியின் சொல்வன்மை நுழையுமுன் கூச்சக்காரரின் யோசனை தாளில் ஏறிவிடுகிறது இல்லையா, அதுதான் விஷயம்.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது? 1990 வாக்கில் ராபர்ட் சேம்பர்ஸும் மைராடா போன்ற தன்னார்வ நிறுவனங்களும் தென்னிந்தியக் கிராமங்களில் வளர்த்தெடுத்த பங்கேற்பு மதிப்பீட்டு முறையில் தாளும் பேனாவும் கட்டாயமில்லை. தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டை வைத்தால் போதும்.

இன்று பரவலாகப் புழங்குவது இன்னும் சுலபம்: சுவரில் சார்ட் பேப்பர், ஆளுக்குச் சில ஸ்டிக்கர் பொட்டு, பிடித்த யோசனைக்குப் பக்கத்தில் ஒட்டு. சீக்கிரம் முடியும். சிக்கலும் இங்கேதான். முன்னால் ஒட்டியது பின்னால் வருபவர் கண்ணில் படுகிறது. தலைவர் எங்கே ஒட்டினாரோ அங்கேயே நாமும் ஒட்டிவிட்டு வருகிறோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில். ஓர் ஊர்க் கூட்டம், முப்பது பேர், ஆளுக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொள்வோம். சாலை 9, சமுதாயக்கூடம் 8, குழாய் 7, கிணறு தூர்வாருதல் 6. சாலை ஜெயித்தது, தண்ணீர் கேட்டவர்களோ 13 பேர்! குழாயையும் கிணற்றையும் முன்னாலேயே 'தண்ணீர்' என்று சேர்த்திருக்கலாமே என்பீர்கள். சேர்க்கலாம். அதே கை 'பெண்களுக்குக் கழிப்பறை'யைச் 'சுகாதாரம்' என்ற தலைப்புக்குள் போட்டு மூடவும் செய்யும். சுகாதாரம் ஜெயிக்கும், வந்து சேருவது குப்பைத்தொட்டியாக இருக்கும். அதனால், சொன்ன இருவரும் சம்மதித்தாலொழிய எதையும் சேர்க்கக்கூடாது. தலைப்பும் அவர்கள் வாய்ச்சொல்லாகவே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த முப்பது பேரில் தலித்துகள் நாலு பேர் என்றால், எத்தனை சுத்தமாக எண்ணினாலும் அவர்களுடைய சுடுகாட்டுப் பாதை தோற்கும். அதை ஒரு 'யோசனை'யாகச் சார்ட் பேப்பரில் ஏற்றியதே தப்பு. உரிமைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பொட்டைக் கொடுங்கள்.