மேசைக்கு வரும் வின்டேஜ் கண்ணாடி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இளம்பச்சை, ரோஜா, வான்நீலம் என்று பால் கலந்தாற்போன்ற நிறங்களில் கேக் ஸ்டாண்டும் கிண்ணமும் தட்டும் இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. மில்க் கிளாஸ் எனப்படும் இந்த ஒளி ஊடுருவாக் கண்ணாடியை 16-ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸில் செய்தார்கள். இன்று விற்பனையாகும் பாணி பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. ஆங்கர் ஹாக்கிங் நிறுவனம் 1940-களில் ஃபயர்-கிங் என்ற பெயரில் கொண்டுவந்த ஜேடைட் பச்சையும், மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன் நிறுவனம் வார்த்த சுருக்க விளிம்புக் கிண்ணங்களும் அதன் முன்மாதிரிகள். ஃபென்டன் 2011-இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அந்த வடிவங்கள் மட்டும் இன்னும் வார்க்கப்படுகின்றன.

பழைய பாணியில் புதிதாகச் செய்து விற்பதில் குற்றமில்லை. 1950-களின் அசல் என்று சொல்லி அதற்கேற்ப விலை கேட்பதுதான் மோசடி. பொருளைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். பல காலம் புழங்கிய பொருளில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். வயதைக் கூட்டிக்காட்ட உப்புத்தாளில் தேய்த்தால் அவை ஒரே பக்கமாக இருக்கும். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஃபயர்-கிங் பெயரிலேயே பிற்காலத்தில் புதிய பொருட்கள் வந்துள்ளன.

விலையில் ஏமாறுவதைவிட எனக்குப் பெரிய கவலை, நிறம் எங்கே இருக்கிறது என்பதுதான். நல்ல மில்க் கிளாஸில் நிறம் கண்ணாடிக் குழம்போடு கலந்திருக்கும். விளிம்பிலும் அடியிலும் ஒரே சாயல் தெரியும். மலிவுச் சரக்கில் வெள்ளைக் கண்ணாடிக்கு மேல் வண்ணம் பூசியிருப்பார்கள். விளிம்பில் நகத்தால் சுரண்டினால் சில சமயம் உரிந்தே வரும். இத்தகைய பூச்சிலும் தங்கக் கோட்டிலும் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். 2010-இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் சுமார் 1.2 கோடி ஷ்ரெக் கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது, வெளிப்புற ஓவிய வண்ணத்தில் காட்மியம் இருந்ததால்தான். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே உட்புறம் பூச்சுள்ள கிண்ணத்தில் எலுமிச்சை சாதம், புளிக்குழம்பு, ஊறுகாய் எதையும் வைக்காதீர்கள். புளிப்பு இந்த உலோகங்களைக் கரைத்து இழுக்கும். உணவுக்கு ஏற்றது என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா, அலங்காரத்துக்கு மட்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மில்க் கிளாஸ் பெரும்பாலும் திடீர்ச் சூட்டையும் தாங்காது. குளிர்ந்த கிண்ணத்தில் கொதிக்கும் பாயசத்தை ஊற்றினால் விரிசல் விடலாம். பீடம் ஒட்டப்பட்ட கேக் ஸ்டாண்டைத் தட்டைப் பிடித்துத் தூக்காமல், அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

இனி, ஏமாந்தால் என்ன செய்வது? பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும், ஏனென்றால் விவரம் பிறகு மாறிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தர மறுப்பதும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால வரம்பு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் வரை திருப்பித் தரலாம். எச்சரிக்கை எழுதாமல் விற்ற பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடும் கேட்கலாம். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் விற்பனைப் பக்கத்தில் காட்டியாக வேண்டும்.

அதிலும் தீரவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரடியாக வாங்கியவர்களுக்கு இந்த வழி நடைமுறையில் கடினம். அவர்கள் கார்டு கொடுத்த வங்கியிடம், பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கோரிக்கையைத் தாமதிக்காமல் எழுத்தில் கொடுப்பது நல்லது.