வீட்டுத் தொட்டியில் மஞ்சள் கொரலியா

1990 ஒக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு முதலிய மாவட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, ஆலங்குடா மணலில் கொட்டில் போட்டுக் குடியேறின. வயலும் தோட்டமும் செய்தவர்களுக்கு இங்கே கிடைத்தது ஒரு துண்டு வளவு. மாடு கட்ட இடமில்லாத வளவிலும் மூன்றடித் தொட்டியொன்று வைக்கலாம். அதில் எந்த மீனை விடுவது என்பதுதான் கேள்வி.

கடைகளில் விலை போகும் ஏஞ்சல், ஒஸ்கார், ஃபிளவர்ஹோன் எல்லாம் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்து மீன்கள். கட்டுக்கரைக்குளத்தில் வலை வீசியவர்கள் அறிந்த திலாப்பியாவும் அக்குடும்பமே. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீன் அது. ஆனால் நமது களப்புகளுக்கே உரிய சிக்லிட் இரண்டு உண்டு. ஒன்று சிங்களத்தில் கொரலியா எனப்படுவது. கேரளத்தில் அதைக் கரிமீன் என்பர். 2010இல் அது அம்மாநிலத்தின் மீனாக அறிவிக்கப்பட்டது. சாப்பாட்டுக்கு நல்லது, தொட்டிக்குப் பெரிது. மற்றையது மஞ்சள் கொரலியா. எட்டுச் சென்ரிமீற்றருக்கு மேல் பெரும்பாலும் வளராது.

புதிதாகத் தொடங்குவோர் இதிலேயே பழகவேண்டும் என்பது நமது கருத்து. நன்னீரிலும் உவர்நீரிலும் தாங்கும். வெளிநாட்டு மீன் களப்பில் தப்பி விழுந்தால் திரும்பப் பிடிக்க முடியாது. இது அங்கே ஏற்கனவே இருக்கும் மீன்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 190 லீற்றர் பிடிக்கும். கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா? அப்படியானால் உங்கள் கிணற்று நீர் கடினநீர். இம்மீனுக்கு அது ஏற்றது. லீற்றருக்கு இரண்டு கிராம் அளவில் கறியுப்பல்லாத உப்பளத்து உப்புச் சேர்த்தால் பூஞ்சண நோய் குறையும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அது மீனைக் கொல்லும். சரளைக்கல்லில் வளரும் நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும். யூரியா போட்ட மண்ணில் நடப்பதும் இதுவே, கமக்காரருக்குப் புதிதல்ல. அந்நுண்ணுயிர்கள் பெருக ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். ஆகவே முதலில் இரண்டொரு மீன்களை மட்டும் விட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு இருபது மீனை ஒன்றாக விடுபவர் இருபதையும் இழப்பார். (வெங்காயத் தோட்டங்களை அண்டிய கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கனவே கூடியிருப்பது ஆய்வுகளில் தெரிந்தது. மீன் பொறுத்துக்கொள்ளலாம், கைக்குழந்தையின் பாலுக்கு அந்நீர் ஆகாது.)

ஆண் பெண் பார்த்துப் பிரிப்பது கடினம். ஆறு அல்லது எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால் தாமே சோடி சேரும். சோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடிபட்டுச் சாகும். தட்டையான கல்லோ உடைந்த ஓடோ வைத்தால் இரண்டும் அதைச் சுத்தம் செய்து இருநூறு முட்டை வரை ஒட்டும். ஒன்று வாலால் நீரடிக்க மற்றது காவல் நிற்கும். சுமார் ஐந்து நாளில் குஞ்சு பொரிக்கும். பெற்றோர் அவற்றை மணலில் தோண்டிய குழிக்கு எடுத்துச் செல்லும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தந்தையின் உடலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்னும். ஆகையால் ஆரம்பத்திலேயே குஞ்சுகளைப் பிரிக்காதீர்கள். கூடவே ஆட்டீமியாக் குஞ்சு கொடுக்கலாம். புத்தளத்து உப்பளங்களிலும் இவ்வுயிர் உண்டு. வளர்ந்த மீன்களுக்கு நுளம்புக் குடம்பி நல்ல தீன்; அதற்காக வளவில் தண்ணீர் தேக்கி வைக்கவேண்டாம், தொட்டிக்கும் வலை மூடியிடுங்கள்.

வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றவேண்டும். அந்த நீரில் உரமும் உண்டு, உப்பும் உண்டு. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஊற்றினால் பயிர் கருகும். தென்னை அடியில், ஒவ்வொரு முறையும் வேறு மரத்துக்கு ஊற்றலாம். கிணற்றடியில் ஊற்றவே கூடாது. இம்மணலுக்கு அடியில் நன்னீர் மெல்லிய படையாகவே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அது அயலவரும் குடிக்கும் நீர்.

இம்மீன் ஃபிளவர்ஹோன் போலப் பெரும்விலை போகாது. தொட்டி கட்டுமுன் வாங்குபவரிடம் போய் எந்த அளவு மீன், எத்தனை, என்ன விலை, ஏற்றுக்கூலி யாருக்கு என்று கேளுங்கள். நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான நக்டா அதிகாரசபையின் அலுவலரிடமும் ஆலோசனை பெறலாம். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரே கிழமையில் மீன் கொடுத்தால் ஏற்றுக்கூலி குறையும்.