குள்ள உளுவை: 59 நாளில் முடியும் பவளப்பாறை வாழ்வு

ஈவியோட்டா சிகில்லாட்டா என்பது பவளப்பாறைகளில் வாழும் மிகச் சிறிய மீன் இனம் ஆகும். தமிழில் உளுவை என்று அழைக்கப்படும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. முழு வளர்ச்சி அடைந்த மீன் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே நீளம். ஆயினும் உயிரியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது இதன் உருவம் அன்று, ஆயுள். இவ்வினத்தில் வயது கணிக்கப்பட்ட மீன்களுள் மிக முதியதன் வயது 59 நாட்கள். முதுகெலும்புள்ள உயிரினங்களில் இதுவரை அளந்து பதிவான மிகக் குறுகிய ஆயுள் இதுவே.

இனமும் தோற்றமும்

உளுவைகள் கோபிடே என்னும் பெருங்குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. இதில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் ஆறு, குளம், கழிமுகங்களில் தரையோடு தரையாகக் கிடக்கும் உளுவை மீனும், அலையாத்திக் காட்டுச் சேற்றில் துள்ளித் திரியும் சேற்றுத்தாவி மீனும் இக்குள்ள உளுவையின் தூரத்து உறவினர்களே. ஈவியோட்டா என்னும் பேரினத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குள்ள உளுவைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான சிகில்லாட்டா 1983-ஆம் ஆண்டில் ஜூவெட், லாக்னர் ஆகியோரால் முறையாக விவரிக்கப்பட்டது.

பெரும்பாலான உளுவைகளில் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் ஒன்றாக இணைந்து ஒரு கிண்ணம் போல் அமைந்திருக்கும். நீரோட்டம் அடித்துச் செல்லாமல் பாறையைப் பற்றிக்கொள்ள இது உதவுகிறது. ஈவியோட்டா மீன்களில் இத்துடுப்புகள் ஏறக்குறைய முழுவதும் பிரிந்தே உள்ளன. அவற்றின் கதிர்கள் இறகு போலக் கிளை பிரிந்திருக்கும். அவற்றை ஊன்றியபடி பாறையின் மேல் அமர்ந்திருப்பதே இம்மீனின் வழக்கமான நிலை. உடல் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. முதுகெலும்பை ஒட்டிய செம்பழுப்பு, வெள்ளைக் குறிகள் தோலுக்குள்ளிருந்து தெரிகின்றன. பின்னணி மணலாக இருந்தால் மணலும், பாசியாக இருந்தால் பாசியும் உடல் வழியே தெரிவதால், அசையாதிருக்கும் மீனைக் கண்டுபிடிப்பது கடினம்.

வாழிடம்

இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் உள்ள வெப்பமண்டலப் பவளப்பாறைகள் இதன் வாழிடம். அலை வேகம் குறைந்த காயல்களிலும், காற்றுக்கு மறைவான பாறைப் பகுதிகளிலும், ஆழம் குறைந்த நீரில் காணப்படுகிறது. பவளப்பாறை மீன் என்றதும் கிளை விரித்த வண்ணப் பவளங்களுக்கு இடையே நீந்தும் மீன்கள்தாம் நினைவுக்கு வரும். குள்ள உளுவையின் உலகம் அதற்கு ஒரு படி கீழே உள்ளது. இறந்த பவளத்தின் மேல் படர்ந்த குறும்பாசி, உடைந்த பவளத் துண்டுகள், மணலும் பாறையும் சந்திக்கும் விளிம்பு ஆகியவையே அதன் தரை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு ஓட்டுடலிகளை அங்கே கொத்தித் தின்கிறது. ஆபத்து நெருங்கினால் அருகிலுள்ள பொந்துக்குள் மறைகிறது.

இப்படித் தரையை ஒட்டி மறைந்து வாழும் 5 சென்டிமீட்டருக்கும் குறைந்த மீன்களை ஆய்வாளர்கள் ஒரு தனிப் பிரிவாகக் கருதுகின்றனர். இவற்றை மறைதரை மீன்கள் எனலாம். உளுவைகளோடு பிளென்னி மீன்களும் வேறு சில குடும்பங்களும் இதில் அடங்கும். பாறை மீன்களைக் கணக்கெடுக்கும் வழக்கமான முறை, முக்குளிப்பவர் அளவு நாடாவை விரித்து அதன் இருபுறமும் தென்படும் மீன்களை எண்ணுவது. இந்த எண்ணிக்கையில் மறைதரை மீன்களில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். எனவே அவற்றை ஆராய்பவர்கள் ஒரு சிறு பரப்பை நுண்வலையால் மூடி, அதற்குள் கிராம்பு எண்ணெய்க் கரைசலைச் செலுத்துகின்றனர். நம் ஊரில் பல்வலிக்கு வைக்கும் அதே எண்ணெய்தான். மயங்கி விழும் மீன்களை ஒவ்வொன்றாகச் சேகரித்த பிறகே, வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் எத்தனை உயிர்கள் இருந்தன என்பது தெரியவருகிறது.

வயதை அளந்த விதம்

மரத்தின் வயதை அதன் வளையங்கள் காட்டுவது போல, மீனின் வயதை அதன் செவிக்கல் காட்டுகிறது. செவிக்கல் என்பது உட்காதில் உள்ள சுண்ணாம்புத் துணுக்கு. உடலின் சமநிலையையும் ஒலியையும் உணர உதவுவது. இளம் மீன்களில் இதன் மேல் நாள்தோறும் ஒரு மெல்லிய அடுக்கு படிகிறது. செவிக்கல்லை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணலாம். 2 சென்டிமீட்டர் மீனின் தலைக்குள் இருக்கும் துணுக்கு என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேலையின் நுட்பம் விளங்கும்.

வளையம் நாளுக்கு ஒன்றுதானா என்பதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. உயிருள்ள மீனை டெட்ராசைக்ளின் என்னும் மருந்து கலந்த நீரில் சிறிது நேரம் வைத்தால், அன்று படியும் அடுக்கில் அம்மருந்து சேர்ந்துவிடும். புற ஊதா ஒளியில் அது ஒளிரும். சில நாட்கள் கழித்து, ஒளிரும் கோட்டுக்கு வெளியே உள்ள வளையங்களை எண்ணி, கடந்த நாட்களோடு ஒப்பிடலாம். மேலும், குஞ்சு திறந்த கடலை விட்டுப் பாறைக்கு வந்து இறங்கும்போது வளையங்களின் அகலம் மாறுவதால், கடலில் கழித்த நாட்களையும் பாறையில் கழித்த நாட்களையும் தனித்தனியே அறிய முடிகிறது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டெப்சின்ஸ்கி, டேவிட் பெல்வுட் ஆகியோர், பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் உள்ள லிசார்ட் தீவின் மீன்களை இவ்வாறு ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். அதுவரை மிகக் குறுகிய ஆயுள் கொண்டதாகக் கருதப்பட்டது ஆப்பிரிக்காவின் கில்லி மீன். சிம்பாப்வே, மொசாம்பிக் நாடுகளின் மழைக்குட்டைகளில் வாழும் அந்த மீனுக்குக் குட்டை வற்றும் நாளே கெடு. குள்ள உளுவை வாழும் கடலோ ஒருபோதும் வற்றுவதில்லை. அங்கே இத்தகைய ஆயுள் பதிவானதுதான் வியப்பு.

59 நாட்களின் கணக்கு

முதல் மூன்று வாரங்கள் திறந்த நீரில் மிதக்கும் குஞ்சுப் பருவம். பிறகு உருமாறிப் பாறையில் இறங்குகிறது. அடுத்த ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. எஞ்சியது, அதிகம் போனால், மூன்றரை வாரங்கள். அதற்குள் இணை தேடி, முட்டையிட்டு, காத்து முடிக்க வேண்டும். ஓராண்டில் ஏழு தலைமுறைகள் வரை வந்து போகலாம்.

59 நாட்கள் என்பது உச்ச வரம்பு மட்டுமே. பெரும்பாலானவை அதை எட்டுவதில்லை. வளர்ந்த மீன்கள் நாளொன்றுக்கு 7.8 விழுக்காடு வரை இறக்கின்றன என்று ஆய்வு கணித்தது. இந்த வீதத்தில் 100 மீன்கள் இருந்தால் ஒன்பதாம் நாளில் பாதிதான் மிஞ்சும். இருபத்தைந்தாம் நாளில் ஏறக்குறைய 13. பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் சிறு களவா, பல்லி மீன் போன்ற வேட்டை மீன்கள் காத்திருக்கின்றன. 2 சென்டிமீட்டர் மீன் அவை எல்லாவற்றின் வாய்க்கும் பொருந்தும்.

நாளை உயிரோடு இருப்போமா என்பது உறுதியில்லாத உயிரினத்துக்கு, நீண்ட ஆயுளுக்கென உடலைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை. விரைவில் பருவமடைந்து விரைவில் முட்டையிடும் மீன்களே சந்ததி விட்டுச் செல்லும். தள்ளிப்போடும் மீன் அதற்கு முன்பே இரையாகிவிடும். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வின் விளைவாகவே வாழ்நாள் இந்த அளவுக்குச் சுருங்கியது. வளர்ச்சியிலும் இதன் அடையாளம் உண்டு. பல பாறை மீன்கள் இளமையில் வேகமாக வளர்ந்து, பின்னர் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு நெடுங்காலம் வாழும். குள்ள உளுவையோ சாகும்வரை ஒரே வேகத்தில் வளர்கிறது.

பெண் மீன் வாழ்நாளில் மூன்று முறை வரை முட்டையிடுகிறது. ஒரு முறைக்குச் சராசரியாக 136 முட்டைகள். மொத்தம் 400 அளவில். பெரிய பாறை மீன்கள் ஒரே முறையில் லட்சக்கணக்கான முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிடுவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் அந்த முட்டைகளைக் கவனிக்க யாரும் இல்லை. குள்ள உளுவையின் முட்டைகள் மறைவான பரப்பில் ஒட்டப்படுகின்றன. ஆண் மீன் பொரியும்வரை அவற்றைக் காவல் காக்கிறது. மூன்றரை வாரமே உள்ள முதிர்பருவத்தில் பல நாட்களை முட்டைக் காவலுக்குக் கொடுப்பது சிறிய செலவு அன்று.

இங்கே ஓர் எளிய கணக்கு. இனத்தின் எண்ணிக்கை நிலையாக இருக்க, ஓர் இணையின் முட்டைகளில் சராசரியாக இரண்டாவது வளர்ந்து இனம் பெருக்க வேண்டும். எல்லாப் பெண்களும் மூன்று முறையும் முட்டையிட்டு முடித்தால்கூட 400-க்கு 2, அதாவது 200-க்கு 1 பிழைக்க வேண்டும். பலவும் அதற்கு முன்பே இறப்பதால், உண்மையில் தேவைப்படும் விகிதம் இன்னும் அதிகம். திறந்த கடலில் மீன் குஞ்சுகள் படும் பாட்டைப் பார்த்தால் இது பெரிய விகிதமே.

பாறைக்கு ஊட்டும் இரை

இந்தக் கேள்விக்கு ஒரு விடையைச் சைமன் பிராண்டலும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2019-இல் முன்வைத்தனர். பாறைகளுக்கு அருகிலுள்ள நீரில் மிதக்கும் மீன் குஞ்சுகளில் மறைதரை மீன்களின் குஞ்சுகளே மிகுந்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். பெரிய மீன்களின் குஞ்சுகள் தொலைகடலுக்கு அடித்துச் செல்லப்படுகையில், இவற்றின் குஞ்சுகள் பிறந்த பாறையை விட்டு அதிகம் விலகாமல் தங்கிவிடுகின்றன. எனவே திரும்பி வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது என்பது அவர்கள் கருத்து.

இதன் விளைவு மீனின் அளவுக்குப் பொருந்தாத அளவில் பெரியது. எந்த நேரத்தில் எடை போட்டாலும் பாறையின் மொத்த மீன் எடையில் மறைதரை மீன்களின் பங்கு மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் தின்னப்பட்ட இடத்தில் உடனே இன்னொன்று வந்து இறங்குகிறது. இந்தச் சுழற்சியைக் கணக்கில் கொண்டால், பாறையில் இரையாகும் மீன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு இச்சிறு மீன்களிடமிருந்தே வருகிறது என்று அவ்வாய்வு கணித்தது. சத்துக் குறைந்த வெப்பக் கடலில் பவளப்பாறைகள் மட்டும் எவ்வாறு உயிர்வளம் மிக்கிருக்கின்றன என்னும் பழைய கேள்வி ‘டார்வினின் புதிர்’ எனப்படுகிறது. நுண்பாசி, கடற்பஞ்சு எனப் பல பகுதி விடைகள் அதற்கு உண்டு. கண்ணில் படாத இந்த மீன்கள் அவற்றோடு சேர வேண்டிய இன்னொன்று. உணவு மீனாகப் பிடிபடும் களவாவுக்கும், அதைத் தேடிக் கடலுக்குச் செல்லும் மீனவருக்கும், ஒரு கண்ணியில் இவற்றோடு தொடர்பு உண்டு.

வெளிறலுக்குப் பின்

நீரின் வெப்பம் உயரும்போது பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. வெப்பம் நீடித்தால் இறக்கின்றன. குள்ள உளுவை பெரும்பாலும் இறந்த பவளத்தின் மேல் வாழ்வதால் இதற்குத் தப்பிவிடும் என்று தோன்றலாம். ஆனால் பவளக் கிளைகள் நொறுங்கிச் சமதளமாகும்போது ஒளியப் பொந்துகளும் முட்டையிட மறைவிடங்களும் குறைகின்றன. எந்தச் சிறு மீன் எங்கே வாழும் என்பது மாறிவிடுகிறது.

பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஆர்ஃபியஸ் தீவில் 1998-ஆம் ஆண்டின் வெளிறலுக்கு முன்பே மறைதரை மீன்களின் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டிருந்தது. அது 2009 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் பவளங்கள் மீண்டும் வளர்ந்து பரப்பை நிறைத்தன. மேலிருந்து பார்ப்பவருக்குப் பாறை குணமடைந்துவிட்டதாகவே தெரியும். அடியில் வாழ்ந்த சிறு மீன்களின் கூட்டமோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை; வெளிறலுக்கு முன்பு எந்தெந்த இனங்கள் எவ்வளவு இருந்தனவோ அந்த அமைப்பு மாறியே இருந்தது. ஓராண்டில் பல தலைமுறை காணும் மீன்கள் விரைவாக மீளும் என்னும் எதிர்பார்ப்புக்கு இது மாறானது. பவளப் பரப்பின் அளவை மட்டும் வைத்துப் பாறையின் நலத்தை மதிப்பிடும் கண்காணிப்புத் திட்டங்களில் இந்த மாற்றம் பதிவாவதில்லை.