மலை இறங்கும் சைக்கிள்!

சைக்கிளில் மலை ஏறுவது கடினம். ஆனால், மலையிலிருந்து இறங்குவதுதான் ஆபத்து.

ஏறும்போது கால் ஓய்ந்து போனால், இறங்கித் தள்ளிக் கொண்டு போகலாம். இறங்கும்போது பிரேக் ஓய்ந்து போனால்? பள்ளத்தில் போய் விழ வேண்டியதுதான்!

இந்த உண்மையை அடிபட்டுக் கற்றுக் கொண்டார்கள், அமெரிக்க வாலிபர்கள் சிலர். அவர்கள் கற்ற பாடத்திலிருந்து பிறந்ததுதான், "மவுண்டன் பைக்" என்ற மலை சைக்கிள். இன்று அது உலகமெங்கும் ஓடுகிறது. ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம் பெற்று விட்டது.

அது பிறந்த கதையைத் தெரிந்து கொண்டால், அதில் எந்தச் சாமான் எதற்காக இருக்கிறது, எதை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதும் விளங்கி விடும்.

பழைய சைக்கிள், புதிய ஆசை

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது, கலிபோர்னியா மாநிலம். அங்கே சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து "கோல்டன் கேட்" தொங்கு பாலத்தைக் கடந்து வடக்கே போனால், மாரின் என்ற மாவட்டம் வரும். டமால்பையஸ் என்ற மலை அங்கே இருக்கிறது. அதன் உயரம் 2,571 அடி.

அந்த மலையிலும் அதை அடுத்த குன்றுகளிலும் பல மண் பாதைகள் உண்டு. காட்டில் தீப்பிடித்தால் தீயணைக்கும் வண்டிகள் போவதற்காக வெட்டப்பட்ட பாதைகள் அவை.

1970-ம் ஆண்டுகளில் அந்தப் பாதைகளில் சைக்கிள் விட ஆசைப்பட்டார்கள், அந்த வட்டாரத்து வாலிபர்கள். மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் அதற்கு உதவாது. கல்லில் மோதினால் ரிம் வளைந்து விடும். ஆகவே, 1930, 1940-ம் ஆண்டுகளில் செய்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். கனத்த இரும்புச் சட்டம். 2 அங்குலத்துக்கும் அதிகமான அகலம் கொண்ட "பலூன்" டயர். கல்லும் மேடும் அந்தக் குண்டு டயரை ஒன்றும் செய்யவில்லை.

ஆனால், அந்த சைக்கிள்களில் ஒரு பெரிய குறை இருந்தது. அதுதான் பிரேக்!

கிரீஸ் புகைந்தது!

அந்த சைக்கிளுக்குக் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதிக்க வேண்டும். உடனே, பின் சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும் உலோகத் துண்டுகள் உராய்ந்து, சக்கரத்தை நிறுத்தும்.

சமதரையில் இது நன்றாக வேலை செய்தது. மலையில் என்ன ஆயிற்று?

பேர்பாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பாதை. நீளம் சுமார் 2 மைல். அதற்குள் 1,300 அடி இறங்கி விடும். அதாவது, சராசரியாக 8 அடி முன்னே போனால், 1 அடி கீழே போகும்! இந்தப் பாதையில் மேலிருந்து கீழே வருவதற்குள் ஹப் நெருப்பாகக் கொதித்தது. உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகைந்தது. கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது.

மறுபடி கிரீஸ் அடைப்பதை ஆங்கிலத்தில் "ரீபேக்" என்பார்கள். அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்து விட்டது!

1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அந்தப் பாதையில் முதல் பந்தயம் நடந்தது. யார் வேகமாக இறங்குகிறார் என்ற வாக்குவாதத்தைத் தீர்ப்பதற்காக அதை நடத்தினார், சார்லி கெல்லி என்பவர். ஒருவர் பின் ஒருவராக ஆட்களை அனுப்பி, நேரம் குறித்தார்கள். பின்னர் நடந்த பந்தயம் ஒன்றில் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கி வந்தார், கேரி பிஷர் என்பவர். அதுதான் அந்தப் பாதையின் சாதனை நேரம்.

பாதை கேட்ட சாமான்கள்

வேகமாக இறங்க வேண்டுமானால், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். இது அவர்களுக்குப் புரிந்தது. சைக்கிளை மாற்ற ஆரம்பித்தார்கள்.

பெடல் பிரேக் போயிற்று, கைப்பிரேக் வந்தது. சைக்கிள் பிரேக்கின் கைப்பிடி வலுவாக இல்லை என்று, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை எடுத்து மாட்டினார்கள். மலை ஏறுவதற்குப் பல கியர்கள் வைத்தார்கள்.

சட்டம் மட்டும் பழையதாகவே இருந்தது. அடி தாங்காமல் அதுவும் உடைந்தது. ஆகவே 1977-ல் மலைக்கென்றே புதிய சட்டம் செய்து, எல்லாச் சாமான்களையும் புதிதாகவே பூட்டினார், ஜோ பிரீஸ் என்பவர். அவரும் ரீபேக் பந்தயத்தில் பல தடவை வென்றவர். "பிரீசர்" என்ற அந்த முதல் சைக்கிள் பிறகு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1979-ல் பிஷரும் கெல்லியும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். டாம் ரிட்சி என்பவர் சட்டம் செய்து கொடுத்தார். கம்பெனியின் பெயர் "மவுண்டன்பைக்ஸ்". அந்தப் பெயரே சைக்கிளின் பெயராகி விட்டது! 1981-ல் "ஸ்பெஷலைஸ்டு" என்ற கம்பெனி "ஸ்டம்ப்ஜம்பர்" என்ற மலை சைக்கிளைத் தொழிற்சாலையில் நிறையச் செய்து விற்றது. 1996-ல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆண்களில் ஹாலந்து நாட்டு பார்ட் பிரெண்ட்யன்சும், பெண்களில் இத்தாலி நாட்டு பவுலா பெஸோவும் தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

மலை சைக்கிள் போலத் தோன்றுவதெல்லாம் மலை சைக்கிள் அல்ல. குண்டு டயரும் பளபளக்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஆனால், "கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது" என்று அதிலேயே சீட்டு ஒட்டியிருக்கும்! அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் அளவு. சட்டத்தின் இருபுறமும் காலூன்றி நின்றால், மேல் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். "வளரும் பையன்தானே" என்று பெரிய சைக்கிளாக வாங்கிக் கொடுத்தால், அவசரத்தில் அவனால் கால் ஊன்ற முடியாது.

அடுத்தது பிரேக். இப்போது நல்ல மலை சைக்கிள்களில் "டிஸ்க்" பிரேக் இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தட்டு சுற்றும். இரண்டு பக்கமும் பிரேக் கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கும். ரிம்மில் சேறு அப்பினாலும், தட்டு உயரத்தில் இருப்பதால் பிரேக் பிடிக்கும். ஒரு விரலால் அல்லது இரண்டு விரலால் இழுத்தாலே போதும்.

மூன்றாவது டயர். ஆழமான பட்டன் உள்ள டயர், மண்ணைப் பிடித்துக் கொண்டு போகும். தார் ரோட்டிலேயே ஓட்டுகிறவருக்கு அது வீண் பாரம்.

நான்காவது ஸ்பிரிங். முன் போர்க்கில் மட்டும் ஸ்பிரிங் உள்ள சைக்கிளும் உண்டு. பின்னாலும் ஸ்பிரிங் உள்ள சைக்கிளும் உண்டு. புதிதாகப் பழகுகிறவருக்கு முன் ஸ்பிரிங் மட்டும் போதும். விலையும் குறைவு, கவனிக்க வேண்டிய சாமானும் குறைவு. மட்டமான ஸ்பிரிங் இரண்டு வைத்திருப்பதை விட, நல்லது ஒன்று இருப்பதே மேல்.

கடைசியில் கியர். முன்னால் 32 பல், பின்னால் 50 பல் உள்ள கியரைப் போட்டால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் முக்கால் சுற்றுக்கூடச் சுற்றாது. மெதுவாகத்தான் போகும். ஆனால், செங்குத்தான மேட்டிலும் ஏறி விடும்!

வீட்டிலேயே செய்யலாம்

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், விபத்துகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

பிரேக்கை இழுத்துப் பாருங்கள். கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடும் வரை வந்தால், ஓட்டவே கூடாது. கட்டையின் தேயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போய் விட்டால், புதிது போட வேண்டும். டிஸ்க் தட்டில் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய்க் கையால் தொடவும் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். மலை இறங்கியதும் தட்டைத் தொட்டால், கை சுட்டு விடும்!

சில பிரேக்குகளில் கம்பிக்குப் பதிலாகத் திரவம் இருக்கும். அது இரண்டு வகை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு, பிரேக்கே போய் விடும். சைக்கிள் செய்தவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதை மட்டுமே ஊற்ற வேண்டும்.

செயினை அளக்க அடிக்கோல் போதும். ஓர் ஆணியின் நடுவில் அடிக்கோலை வைத்து, 24 கண்ணிகளை எண்ணுங்கள். சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு கூடியிருந்தால், செயின் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். உடனே மாற்றினால், செயின் விலையோடு போகும். மாற்றாமல் ஓட்டினால், அது பல்சக்கரங்களையும் தின்று விடும். பிறகு செலவு பல மடங்கு!

செயினில் அழுக்கின் மேலேயே எண்ணெய் விடுவது தவறு. முதலில் துடைக்க வேண்டும். பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துணியால் துடைத்து விட வேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய், மண்ணைத்தான் சேர்க்கும்.

டயரில் காற்று மிதமாக இருக்க வேண்டும். கல்லுப் போல் அடித்தால், சக்கரம் துள்ளும், பிடிப்பு இருக்காது. அகலமான மலை டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 பவுண்டு காற்றுப் போதும். ஆளின் எடைக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி விட்டு, கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக் கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே "டக் டக்" என்று ஆடினால், அங்கே இறுக்க வேண்டும். சேறு பட்டால், நீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். அது பேரிங்குக்குள் புகுந்து, கிரீசைக் கரைத்து விடும்.

பாதையில் இறங்கும்போது

இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்னால் சாயும். ஆகவே, சீட்டைத் தாழ்த்திக் கொண்டு, எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குக் கொண்டு போக வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன் பிரேக்குக்கு வலு அதிகம். அதைத் திடீரென்று இழுத்தால், ஆளைத் தலைகுப்புறத் தள்ளி விடும். இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்ல, வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும். கண், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்கக் கூடாது. அதற்கு அப்பால் போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். தலையில் ஹெல்மெட் கட்டாயம்.

பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தைச் சறுக்க விடுவது, சிலருக்கு வீரம். ஆனால், சறுக்கும் சக்கரம் மண்ணை உழுது விடும். மழை வந்தால், அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடி, பாதையே பள்ளமாகும்.

மலை சைக்கிள் பிறந்த மாரின் மாவட்டத்திலேயே இதனால் தகராறு வந்தது. பாதையில் நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும், வேகமாக வந்த சைக்கிள்களைக் கண்டு மிரண்டார்கள். 1980-ம் ஆண்டுகளில் அங்கே குறுகலான பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான பாதைகளிலும் மணிக்கு 15 மைல், எதிரே வருவது தெரியாத வளைவில் 5 மைல் என்று வரம்பு கட்டினார்கள். சைக்கிள்காரர்களே விழித்துக் கொண்டு, 1988-ல் மலை சைக்கிள் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாதையில் நடந்து கொள்ள வேண்டிய முறைகளையும் அது வகுத்தது.

அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஓட்ட வேண்டும். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும். மேலே ஏறி வருகிறவருக்கு, கீழே இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். விலங்குகளை மிரட்டக் கூடாது. பாதை சேறாக இருக்கும் நாளில் சைக்கிளை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பிரேக் பிடிக்காத சைக்கிளால் ஓட்டுகிறவருக்கு ஆபத்து. பிரேக் இருந்தும் பிடிக்காத ஆளால் எதிரே வருகிற எல்லோருக்கும் ஆபத்து. வீட்டுப் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுப்பவர்கள், எத்தனை கியர் என்று கேட்பதற்கு முன், அதை நிறுத்திக் காட்டச் சொல்லட்டும்!